வீடு கைமாறிற்று, கூலி என்னவாயிற்று?

புதுக்கோட்டைச் சீமையில் பூமி லேசில் வளைந்து கொடுப்பதில்லை. நார்த்தாமலையிலும் திருமயத்திலும் கண்ணுக்கு எதிரே எழுந்து நிற்கும் பாறை, வேறு பல இடங்களில் மண்ணுக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. கிணறு வெட்டுகிறவனுக்கும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறவனுக்கும் இது நன்றாய்த் தெரியும். பாறையை ஒருவாறு உடைத்துவிடலாம். வேலை முடிந்த பிறகு பாக்கிக் கூலியை வசூல் செய்வதுதான் அதைவிடக் கடினமான காரியம் என்று அவர்கள் சொல்வார்கள். அதிலும், வேலை செய்த வீடோ நிலமோ இடையில் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

திருமயம் தாலுகாவில் ஒரு மேஸ்திரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வைக்க நான் துணியவில்லை. இப்படிப்பட்ட மேஸ்திரி ஜில்லாவில் ஊருக்கு ஒருவர் இருப்பார், ஒருவருடைய பெயரைச் சொன்னால் மற்றவர்கள், "எங்கள் கதை மட்டும் கதை இல்லையா?" என்று சண்டைக்கு வரக்கூடும். சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு அவர் அழகான வீடு ஒன்று கட்டிக் கொடுத்தார். ஒப்பந்தமெல்லாம் வாய்ப் பேச்சுத்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. தை மாதத்தில் கிருகப் பிரவேசம் தடபுடலாக நடந்தது. மேஸ்திரிக்கு வேஷ்டி துண்டு மரியாதையும் நடந்தது. பாக்கி ஒரு லக்ஷத்து எண்பதினாயிரம் ரூபாய் மட்டும் நடக்கவில்லை. "பங்குனிக்குள் அனுப்பிவிடுகிறேன், மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் விமானம் ஏறினார்.

பங்குனி போயிற்று; சித்திரை, வைகாசியும் போயின. ஆனி மாதத்தில் ஒரு நாள் மேஸ்திரி அந்தத் தெரு வழியே போனபோது, வாசலில் புதிதாக ஒரு பெயர்ப் பலகை தொங்குவதைக் கண்டார். உள்ளே ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை, மேஸ்திரி. ஆனால் நான் கிரயத் தொகை முழுவதையும் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அதிலே உங்கள் பாக்கி எங்கேயும் இல்லையே?"

"காகிதத்திலே இல்லைதான், ஐயா. சுவரிலே இருக்கிறதே!" என்றார் மேஸ்திரி.

இருவர் சொன்னதும் வாஸ்தவம். அதுதான் இந்த விவகாரத்தில் உள்ள சங்கடம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கிய ஆசிரியர் எந்தத் தப்பும் செய்யவில்லை. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் கைப்பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுத்துவிட்டுக் கடனாளியாக நிற்கும் மேஸ்திரியும் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்புச் செய்தவரோ கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

மேஸ்திரி நேரே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, தமக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார்.

"ஐயா, நான் கட்டின வீடு. என் பாக்கி தீருகிற வரையில் அதை யாரும் வாங்கக் கூடாது என்று கோர்ட்டிலே ஒரு மனுப் போட முடியாதா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட சேதி சொல்லும் முன் வக்கீல்கள் செய்கிற காரியம் அது.

"நீர் ஒரு தட்டானாக இருந்து, அவர் உம்மிடம் நகை செய்யக் கொடுத்திருந்தால், இந்தக் கேள்விக்கே இடமில்லை. கூலி வருகிற வரையில் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். வீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாதே!"

வக்கீல் வேடிக்கையாகச் சொன்னாலும், சட்டம் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, பிறர் பொருளைக் கையில் வாங்கி, தன் உழைப்பையோ திறமையையோ அதில் செலவிட்டவன், கூலி வரும் வரையில் அந்தப் பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்கிறது. இதற்குப் பற்றுரிமை என்று பெயர். சட்டம் செய்தவர்கள் அந்தப் பிரிவுக்கு அடியிலேயே இரண்டு உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள். பட்டை தீட்டுவதற்காக ஒருவன் வைரத்தை ரத்தின வியாபாரியிடம் கொடுக்கிறான். தீட்டிய கூலி வரும் வரையில் வியாபாரி வைரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொருவன் தையற்காரனிடம் கோட்டுத் தைக்கத் துணி கொடுக்கிறான். தைத்தவுடன் கொடுத்துவிடுவதாகவும், பணத்துக்கு மூன்று மாதத் தவணை தருவதாகவும் தையற்காரன் ஒப்புக்கொள்கிறான். அந்தத் தையற்காரனுக்குக் கோட்டை நிறுத்தி வைக்க உரிமை இல்லை. தவணை கொடுத்தவன் பிடியை விட்டவன். "பங்குனிக்குள்" என்றதும் தலையாட்டிய நம் மேஸ்திரிக்கு இந்த இரண்டாவது உதாரணம் கொஞ்சம் சுருக்கென்று தைத்திருக்கும்.

இந்த உரிமை கையில் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்குத்தான் உண்டு. நிலத்துக்கும் வீட்டுக்கும் இல்லை. ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு சம்சாரி ஆழ்குழாய்க் கிணறு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை போடுகிற லாரி திருச்செங்கோட்டிலிருந்து வந்து, இரவு பகலாகப் பாறையைக் குடைந்து, தண்ணீரைக் காட்டிவிட்டுப் போகிறது. கூலியில் பாதி பாக்கி. சில மாதங்களில் மோட்டார் எரிந்துவிடுகிறது. டவுனில் ஒரு கடையில் காயில் சுற்றக் கொடுக்கிறார். இதற்குள் பணமுடை வந்து நிலத்தை விற்றுவிடுகிறார். புதிதாய் வாங்கியவர் மோட்டாரைக் கேட்டுக் கடைக்குப் போகிறார். கடைக்காரன், "சுற்றின கூலியை வைத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லலாம். அவனுக்குச் சட்டம் துணை நிற்கும். கிணறு போட்டவனோ, அதே புது மனிதரிடம் போய்ப் பாக்கியைக் கேட்டால், "உன்னை நான் வரச் சொன்னேனா?" என்ற பதில்தான் கிடைக்கும். காயில் சுற்றியவனுக்குச் சில ஆயிரம். பாறையைக் குடைந்தவனுக்கு லக்ஷத்துக்கு மேல். சின்னக் கூலிக்குப் பிடி உண்டு, பெரிய கூலிக்கு இல்லை!

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, வீட்டை விற்றவருக்கு விலையில் ஒரு பகுதி பாக்கி நின்றால், அந்தப் பாக்கிக்காக வீட்டின் மேலேயே அவருக்குப் பாரம் ஏற்படுகிறது. 'சார்ஜ்' என்று வக்கீல்கள் சொல்கிறார்களே, அதுதான். முன்பணம் கொடுத்து ஏமாந்தவருக்கும் அதே பிரிவில் பாரம் உண்டு. பாங்கிக்காரர்களுக்கு 1872-ம் வருஷத்துச் சட்டத்திலேயே தனியாக ஓர் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது. விற்றவர், வாங்கியவர், கடன் கொடுத்தவர் ஆகிய எல்லோரையும் சட்டம் செய்தவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டார்கள். கட்டினவரை மட்டும் மறந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தில் அப்படி இருந்தது ஆச்சரியமில்லை. சுதந்தரம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த மறதி அப்படியே இருக்கிறதே என்றுதான் வருத்தமாயிருக்கிறது.

வக்கீல்களும் கூலிக்காரர்கள்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கட்சிக்காரர் பீஸ் கொடுக்கவில்லை என்பதற்காக வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று 2000-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. ஆகவே நம் மேஸ்திரியின் துயரம் வக்கீலுக்கு நன்றாய்ப் புரிந்திருக்கும்.

புதுக்கோட்டையில் மண்ணுக்கும் ஊழியத்துக்கும் இருந்த உறவு ஒரு காலத்தில் வேறுவிதமாயிருந்தது. தொண்டைமான் அரசர்களின் சமஸ்தானத்தில் ஊழியத்துக்குச் சம்பளம் ரூபாயாகக் கொடுப்பது குறைவு; நிலமாகவே கொடுத்துவிடுவார்கள். சண்டைக்கு ஆள் அனுப்ப வேண்டியவர்களுக்கு அமர மானியம். அரண்மனைக்கும் கோயில்களுக்கும் காவல் காக்கவும், சுமை தூக்கவும், தேர் இழுக்கவும் கடமைப்பட்டவர்களுக்கு ஊழிய மானியம். தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், வெட்டியான் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கும் மானியமோ களத்து நெல்லில் பங்கோ உண்டு. நிலத்தை எவன் அநுபவிக்கிறானோ அவனைச் சேர்ந்தது ஊழியம். தகப்பன் போய் மகன் வந்தாலும் நிலத்தோடு கடமையும் கூட வரும். நிலத்தை வைத்துக்கொண்டு, "ஊழியம் எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று புகழ நான் தயாராக இல்லை. ஊழியம் என்ற வார்த்தைக்குள்ளே எத்தனையோ பேருடைய கட்டாய வேலை அடங்கியிருந்தது; பிறந்த ஜாதியோடு அது கட்டப்பட்டிருந்தது. 1878-ல் திவானாக வந்த ஸர் ஏ. சேஷய்ய சாஸ்திரியார், விளைச்சலில் சர்க்கார் பங்கு வாங்கும் அமானி முறையை ஒழித்துத் தீர்வையைப் பணமாக்கினார். பிறகு 1888-ம் வருஷத்து இனாம் செட்டில்மெண்டில், தேவையற்றுப் போன ஊழியங்களைத் தள்ளிவிட்டு, மானியம் அநுபவித்தவர்களுக்கே ஒரு சிறு வரியின் பேரில் நிலத்தைச் சொந்தமாக்கினார்கள். அன்று நிலத்தின் மேலிருந்த ஊழியப் பாரம் இறங்கிற்று. 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது; 1974-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. நிலம் விடுதலை அடைந்தது நல்லதுதான். அன்று ஊழியன் நிலத்துக்குக் கடன்பட்டிருந்தான். இன்று நிலம் ஊழியனுக்குக் கடன்பட்டால் அதைக் கேட்க வழி இல்லையே என்பதுதான் என் ஆவலாதி.

மற்ற தேசங்களில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை நிர்மாணம் செய்யத் தொடங்கிய சமயத்தில், கொத்தரும் தச்சரும் பயமின்றி வேலைக்கு வர வேண்டுமென்பதற்காக, மேரிலாந்து மாகாணம் 1791-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தது. கட்டிடத்தில் உழைத்தவனுக்குக் கூலி பாக்கி நின்றால் அந்தக் கட்டிடத்தின் மேலேயே அவனுக்குப் பற்றுரிமை உண்டு என்பது அதன் சாரம். இப்பொழுது அந்தத் தேசத்தில் எல்லா மாகாணங்களிலும் இத்தகைய சட்டம் இருக்கிறது. குறித்த கெடுவுக்குள் தொழிலாளி தன் பாக்கியைப் பத்திரங்கள் பதியும் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், வீடு கைமாறினாலும் பாக்கி வீட்டை விடுவதில்லை. பல மாகாணங்களில் முதல் மண்வெட்டி விழுந்த நாளிலிருந்தே அந்த உரிமை கணக்காகிறது. பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் 1804-ம் வருஷத்துச் சிவில் சட்டத்தில் கொத்தருக்குக் கட்டிடத்தின் பேரில் முன்னுரிமை கொடுத்தார்கள். இந்த முறையிலும் தொல்லை இல்லாமலில்லை. வீட்டுக்காரர் காண்டிராக்டருக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்திருப்பார். காண்டிராக்டர் ஆசாரிக்குக் கொடுத்திருக்கமாட்டார். ஆசாரி வீட்டின் பேரில் பாக்கியைப் பதிந்துவிட, வீட்டுக்காரர் இரண்டாம் தரம் பணம் கொடுக்க நேர்வதும் உண்டு. ஆனாலும் வாங்குகிறவர் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இடமாவது இருக்கிறதல்லவா? நம் ஆசிரியருக்கு அந்த வசதி கூட இல்லை.

மறுபடியும் மேஸ்திரியிடம் வருவோம். "ஜன்னல் கதவையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிடட்டுமா, ஐயா? நான்தானே பொருத்தினேன்?" என்று அவர் கேட்டார்.

"செய்யும், பிறகு உம்மை ஜாமீனில் எடுக்கவும் நான்தான் வர வேண்டும்!" என்றார் வக்கீல்.

கட்டிடத்தில் பொருத்தின கதவு கட்டிடத்தைச் சேர்ந்தது. அதைக் கழற்றினால், பாக்கி கேட்க வந்தவர் திருட்டு வழக்கில் எதிரியாகிவிடுவார். புது வீட்டுக்காரர் வாசலில் நின்று கூச்சல் போடுவதும் உதவாது. பணம் தர வேண்டியவர் விற்றுவிட்டுப் போனவர் ஒருவரே. அவர்மேல் வழக்குப் போடலாம். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். இடையில் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஆரம்பிக்கும். ஜயித்த பிறகு, அவருக்கு இந்த ஊரில் வேறு நிலம், வீடு, பாங்கிக் கணக்கு இருந்தால் ஜப்தி செய்யலாம்.

இங்கே வக்கீல் ஒரு நுட்பமான கேள்வி கேட்டார்: "ஆசிரியர் கிரயத் தொகை முழுவதும் கொடுத்துவிட்டாரா? நிச்சயந்தானா?" சில சமயம் பட்டா மாறின பிறகு தருவதாகவோ, ஏதாவது ரிப்பேருக்காகவோ, வாங்கினவர் கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைத்திருப்பார். அது விற்றவருக்குச் சேர வேண்டிய கடன். அந்தக் கடனைக் கோர்ட்டு மூலம் ஜப்தி செய்து, வாங்கினவர் அதை விற்றவரிடம் கொடுக்காமல் தடுத்து வைக்க வழி இருக்கிறது. நம் கதையில் ஆசிரியர் ஒழுங்கானவர். ஒரு ரூபாய் கூட நிறுத்தி வைக்கவில்லை. நல்லவர்களால் சில சமயம் இப்படியும் சங்கடம் உண்டாகிறது!

கிரயமே ஏமாற்று வேலையாக, கடன்காரர்களுக்கு நாமம் போடும் நோக்கத்தோடு மைத்துனன் பெயருக்கோ மாமனார் பெயருக்கோ எழுதி வைத்ததாக இருந்தால், சொத்து மாற்றச் சட்டத்தின் 53-வது பிரிவின் கீழ் அதை ரத்துச் செய்யும்படி கேட்கலாம். நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கினவரை அந்தப் பிரிவு தொடாது. ஆகையால் அதுவும் இங்கே பிரயோஜனப்படவில்லை.

"கொஞ்சம் முன்னாலே வந்திருக்கக் கூடாதா, மேஸ்திரி?" என்றார் வக்கீல்.

அந்தக் 'கொஞ்சம் முன்னாலே'யில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது என்று காதில் விழுந்த அன்றே மேஸ்திரி வந்திருந்தால், பாக்கிக்கு வழக்குப் போட்டு, அதோடு கூடவே, 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 38-வது கட்டளை, 5-வது விதிப்படி தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்டிருக்கலாம். பிரதிவாதி தீர்ப்பை வீணாக்கும் எண்ணத்தோடு சொத்தை விற்கப் போகிறார் என்று பிரமாண வாக்குமூலத்தில் காட்ட வேண்டும். வெறும் சந்தேகம் போதாது. தரகர் யார், பேரம் யாரோடு, எப்பொழுது என்ற விவரம் வேண்டும். கோர்ட்டு திருப்தியடைந்தால், "பாக்கித் தொகைக்கு ஜாமீன் கொடு, அல்லது சொத்து ஜப்தி" என்று உத்தரவு செய்யும். ஜப்தியான பிறகு செய்யும் கிரயம், அந்த வழக்கின் கோரிக்கையைப் பொறுத்த மட்டில் செல்லாது. நியாயாதிபதிகள் இந்த உத்தரவைத் தாராளமாகக் கொடுத்துவிடுவதில்லை. சாதாரணக் கடனை இந்த வழியாக ஈட்டுக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துச் சொல்லியிருக்கிறது.

இதில் ஒரு நாள் தாமதம் கூட எப்படி வினையாகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே சுப்ரீம் கோர்ட்டு வரையில் போன வழக்கு ஒன்று உண்டு. சொத்துக்காரர் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் பதிவு ஆகவில்லை. அதற்குள் கடன்காரர் ஜப்தி உத்தரவு வாங்கிவிட்டார். பத்திரம் பதிவானது ஜப்திக்குப் பிறகுதான். யாருக்கு ஜயம்? பதிவான பத்திரம் கையெழுத்தான தேதியிலிருந்தே அமுலுக்கு வருமாகையால், வாங்கினவருக்கே சொத்து என்று 1990-ம் வருஷத்தில் தீர்ப்பாயிற்று.

வழக்குப் போடச் செலவுக்கு எங்கே போவது என்று மேஸ்திரி கவலைப்பட்டார். வருமானம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் இலவசமாக வக்கீல் அமர்த்திக் கொடுக்க 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் வழி செய்திருக்கிறது. புதுக்கோட்டைக் கோர்ட்டு வளாகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின்படி கூடும் மக்கள் நீதிமன்றத்தில் இரு கட்சியும் ராஜியாகப் போனால், அது கோர்ட்டு டிகிரிக்குச் சமானம். கட்டின கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். விற்றவர் ஆனிக்கோ ஆடிக்கோ ஊருக்கு வந்துவிட்டால், நாலு பேர் முன்னால் உட்கார வைத்துப் பேசுவது பல சமயம் வழக்கைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

வேலை தொடங்கும்போதே வீட்டின் மேல் பாரத்தை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முடியும். "கட்டுக்கூலி பாக்கிக்கு இந்த மனையும் கட்டிடமும் பொறுப்பு" என்று வீட்டுக்காரர் பத்திரம் எழுதி, ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு செய்து கொடுத்தால், சொத்து மாற்றச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி அது பாரமாகும். வில்லங்கச் சான்றிலும் ஏறும். பிறகு வாங்குகிறவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமில்லை. மூன்று வருஷக் கெடுவும் பன்னிரண்டு வருஷமாக நீளும். பதியாமல் விட்ட பாரம், தெரியாமல் விலை கொடுத்து வாங்கினவரைக் கட்டாது. 1929-ம் வருஷத்துத் திருத்தம் அதைத் தெளிவாக்கியிருக்கிறது.

ஏட்டுக்கு இது அழகாயிருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்காரர் மேஸ்திரிக்கு இப்படிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்? அநேகமாக வீடு கட்டுகிறவர் பாங்கியில் கடன் வாங்கி, மூலப் பத்திரங்களை அங்கே ஒப்படைத்திருப்பார். பாங்கிக்குப் பின்னால்தான் மேஸ்திரி நிற்க வேண்டும். ஆகையால், பெரிய தொகைக்குக் கட்டும் காண்டிராக்டர்களுக்கு வேண்டுமானால் இந்த வழி உதவும். சின்ன மேஸ்திரிக்குச் சரியானது, கடைக்காலுக்கு இவ்வளவு, தளம் போடும் முன் இவ்வளவு, பூச்சுக்கு முன் இவ்வளவு என்று படிப்படியாகப் பணத்தை வாங்கிக்கொண்டு மேலே போவதுதான். தளம் போடும் வரையில் வீட்டுக்காரருக்கு மேஸ்திரி வேண்டும்; கிருகப் பிரவேசத்துக்குப் பிறகு மேஸ்திரிக்குத்தான் வீட்டுக்காரர் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மேஸ்திரியின் பாக்கி வீட்டோடு வராது என்பதால், எந்தப் பாக்கியும் வராது என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கார் தன் பாக்கியை மட்டும் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நகரசபைச் சொத்து வரிக்குச் சட்டமே வீட்டின் மேல் பாரம் வைத்திருக்கிறது. வரி பாக்கி இருப்பது தெரியாமல் விலைக்கு வாங்கினவரைப் பிடிக்க முடியாது என்று ஆமதாபாத் நகரசபை வழக்கில் 1971-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மைதான். ஆனால் 'தெரியாது' என்பதை வாங்கினவர் நிலைநாட்ட வேண்டியிருக்கும். அதைவிட ரசீதைக் கேட்டுப் பார்ப்பது சுலபம். மின்சாரப் பாக்கி விஷயத்தில் கோர்ட்டுகளே ஒரு சுற்று வந்திருக்கின்றன. பழைய சொந்தக்காரரின் பாக்கிக்குப் புதியவர் பொறுப்பல்ல என்று 1995-ல் ஒரு தீர்ப்பு. பழைய பாக்கி தீர்ந்தால்தான் புது இணைப்பு என்று மின்சார விதிகளில் இருந்தால் அது செல்லும் என்று 2023-ம் வருஷம் மே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு. ஆகையால் கிரயத்துக்கு முன் மின்சார அட்டையை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கூடவே இன்னொன்றும் செய்யலாம். வீடு புதிதாகக் கட்டினதாயிருந்தால், கட்டின மேஸ்திரி யார், கிணறு போட்டவர் யார், அவர்களுக்குப் பாக்கி உண்டா என்று விற்கிறவரைக் கேட்டு, பாக்கி இல்லையென்று அவர்களிடம் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பாக்கி இருந்தால் கிரயத் தொகையிலிருந்தே நேராகக் கொடுத்துவிட விற்கிறவரைச் சம்மதிக்கச் செய்யலாம். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நாளைக்குக் குழாய் ஒழுகினாலும் தளம் கசிந்தாலும் கூப்பிட வேண்டியது அந்த மேஸ்திரியைத்தானே?

நம் ஆசிரியருக்கு அது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஐப்பசி மழையில் அடுப்பங்கரை மூலையில் சொட்ட ஆரம்பித்தது. மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார். மேஸ்திரி வந்தார், பார்த்தார், கசிவு எங்கேயென்று ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்தார்.

"எவ்வளவு ஆகும், மேஸ்திரி?" என்று ஆசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பழைய பாக்கியையும் சேர்த்துச் சொல்லிவிடுவாரோ என்று அவருக்குப் பயம்.

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கணக்குப் புத்தகத்தை எடுத்தார். தேதி, வேலை, கூலி, முன்பணம் எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு கோடு போட்டு, புத்தகத்தையும் பேனாவையும் ஆசிரியரிடம் நீட்டினார்.

"இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்கள், ஐயா. ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்."